பச்சையப்பன் கூவிய சாமி படம்

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்பு ஆலையில் சங்கு பழுதாகிவிட்டால் பச்சையப்பனைத்தான் கூப்பிடுவார்கள். இது எழுபத்தெட்டாம் வருஷத்துக் கதை. கேட்டுக்கு வெளியே வந்து இரண்டு கையையும் வாயோரம் குவித்து, "ரெண்டாவது ஷிப்டு" என்று ஒரு குரல் கொடுப்பான். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவார்கள். வடக்கேயிருந்து வந்த சூப்பர்வைசர்களுக்கு அது பெரிய அதிசயம். உள்ளூர்க்காரர்களுக்கு அதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. அந்தத் தொண்டை ஒரு காலத்தில் தனியாகவே சம்பளம் வாங்கிய தொண்டை.

அப்போது ஆலையும் இல்லை, கேட்டும் இல்லை. புதுவாயல் கூட்டுரோட்டில், ஜி.என்.டி. ரோட்டை ஒட்டிய மேட்டில் ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. கீற்றுக் கூரை, மணல் தரை, ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு மண்சுவர். படத்தில் கதாநாயகி அழும் நேரம் பார்த்துக் கல்கத்தா லாரி ஒன்று ஆர்ன் அடித்துக்கொண்டு போகும். ஒரே ஒரு மெஷின்தான். அதனால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள், முறுக்குக்காரன் உள்ளே வருவான், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். இன்றைக்கு மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அந்த மணலின் சுகம் தெரியாது. முதுகு வலித்தால் படுத்துக்கொண்டே படம் பார்க்கலாம். குழந்தை தூங்கினால் மணலைக் குவித்துத் தலையணை செய்யலாம். அது ஒரு காலம்.

பச்சையப்பன் அந்தக் கொட்டகையின் விளம்பர ஆள். சுப்பராயனின் மாட்டுவண்டியில் இரண்டு பக்கமும் போஸ்டர் தட்டி கட்டி, தகரக் குழாயை வாயில் வைத்து, கவரைப்பேட்டையிலிருந்து இந்தப் பக்கத்து ஆரணி வரை கூவிக்கொண்டே போவான். எழுதப் படிக்கத் தெரியாது. முதலாளி ஆதிகேசவன் ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும், அதை இரண்டு மடங்காக்கி, மசாலா சேர்த்து, ஊர் ஊராக விற்றுவிட்டு வருவான். படத்தில் ஒரு சண்டை என்றால் இவன் வாயில் அது நாலு சண்டையாகிவிடும். படத்தைவிடப் பச்சையப்பன் சொன்ன கதையே நன்றாக இருந்தது என்று சண்டைக்கு வந்தவர்கள்கூட உண்டு.

இவ்வளவு வாய் படைத்தவனால் தன் பெண்டாட்டியைத் தன் வீட்டுக்குக் கூட்டி வர முடியவில்லை என்பதுதான் வேடிக்கை.

அவள் பெயர் ரத்னா. ஆரணிப் பெண். வைகாசியில் கல்யாணம் ஆயிற்று. ஆடி பிறந்ததும் அவள் அம்மா மணியம்மாள் வந்து, சீர்வரிசை எல்லாம் முறையாக வைத்து, மகளை அழைத்துப் போனாள். ஆடிக்குப் போன பெண் ஆவணியில் திரும்ப வேண்டும். ரத்னா வரவில்லை. கேட்கப் போனவர்களிடம் மணியம்மாள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "குழாய வாயில வச்சிக்கினு தெருத்தெருவா கத்தறது ஒரு வேலையா? கூத்தாடிங்க கூட்டத்துக்கு ஆள் சேக்கறவன் ஊட்டுக்கு நான் எம்பொண்ண அனுப்ப மாட்டேன். கண்ணியமா ஒரு வேல பாக்கச் சொல்லு, அப்புறம் பாக்கலாம்."

அடுத்த ஆடியும் வந்து போயிற்று. மணியம்மாள் கெட்டவள் இல்லை. கைம்பெண். ஒரே பெண். அந்தப் பெண்ணும் போய்விட்டால் அந்த வீட்டில் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதை வெளியே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, கூத்தாடி என்று சொல்ல வந்தது. ரத்னாவும் அம்மாவை எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் பச்சையப்பனின் வண்டி அந்தத் தெரு வழியே போகும்போது மட்டும் ஏதாவது ஒரு சாக்கில் குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். மற்றத் தெருவில் ஒரு தடவை கூவுகிறவன் அங்கே மூன்று தடவை கூவுவான். சுப்பராயனும் மாட்டுக்கு ஏதோ காலில் குத்திவிட்ட மாதிரி இறங்கிக் குளம்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பதினாலு மாதம் இப்படியே ஓடிற்று.

அறுபத்தெட்டாம் வருஷம் புரட்டாசியில், ஒரு வெள்ளிக்கிழமை, பட்டணத்திலிருந்து ரயிலில் போஸ்டர் கட்டு வந்தது. படப்பெட்டியைக் கையோடு எடுத்து வர ஆதிகேசவன் பட்டணத்துக்குப் போயிருந்தார். வாசித்துச் சொல்ல ஆள் இல்லை. பச்சையப்பன் போஸ்டரை விரித்துப் பார்த்தான். ஒரு பழைய கார். அதற்குள்ளும் அதன் கூரைமேலுமாக ஒரு குடும்பம், பெரியவர்கள் நெற்றியில் எல்லாம் பட்டை நாமம். பின்னால் ஏழு மலை, மலைமேல் கோபுரம். மூலையில் ஒரு வட்டத்துக்குள் ஏதோ ஒரு எழுத்து. அது சக்கரமாகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டான். புரட்டாசி மாதத்தில் முதலாளி வேறு எந்தப் படத்தைப் போடுவார்?

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "சுப்பராயா, மொதல்ல ஆரணிக்கு ஓட்டு. சாமி படம்பா, சாமி படம்" என்றான்.

அன்றைக்கு அவன் கூவிய கூவலை அந்தப் பக்கத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டதில்லை. குடும்பத்தோடு மலையேறும் அடியார்கள், வழியெல்லாம் பெருமாள் நடத்தும் சோதனைகள், கடைசியில் கண்கொள்ளாக் காட்சி, குளித்து முழுகி வாருங்கள், கற்பூரம் கொண்டு வாருங்கள் என்று அவிழ்த்துவிட்டான். ஆரணியில் படிக்கத் தெரிந்த நாலைந்து பேர் வண்டியை நிறுத்திப் போஸ்டரை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

மணியம்மாள் வாசலுக்கு வந்தாள். மருமகனைப் பார்க்காமல் வண்டிக்காரனைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னா சுப்பராயா, நெசமாவே சாமி படமா?"

பச்சையப்பன் முந்திக்கொண்டான். "நெசந்தான் அத்தை. புரட்டாசின்னு மொதலாளி பட்டணத்துல சொல்லி வச்சி வரவழச்சிருக்காரு." இந்தக் கடைசி வரி அவன் சொந்தச் சரக்கு.

அவள் போஸ்டரில் இருந்த கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பதினாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். "நாளைக்கு மூணாவது சனிக்கிழம. பெருமாளுக்குத் தளிகை போட்டுட்டு எல்லாரும் வரோம். நீங்க பண்றது இன்னா வேலன்னு நானும் பாக்கறேன். பாத்துட்டு அப்புறம் பேசலாம்."

"எல்லாரும்னா..."

"எல்லாரும்னா எல்லாரும்தான்" என்றாள். குடத்தோடு நின்றிருந்த ரத்னா உள்ளே ஓடிவிட்டாள்.

சனிக்கிழமை நாலு மணி ரயிலில் ஆதிகேசவன் பெட்டியோடு வந்து இறங்கினார். ஆபரேட்டர் ஜோசப் பெட்டியைத் திறந்து ரீல்களை வரிசைப்படுத்தினான். வெளியே பச்சையப்பன் கொட்டகை வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாப்பா இது, தோரணம்லாம்?" என்றான் ஜோசப்.

"சாமி படம் இல்ல?"

ஜோசப் வாசலில் இருந்த போஸ்டர் தட்டிப் பக்கம் நடந்தான். "யாருப்பா சொன்னது சாமி படம்னு?"

"போஸ்டர்ல மலை கீது, கோபுரம் கீது, நாமம் கீது."

"எல்லாம் கீது. படம் முடியற வரைக்கும் ஒருத்தனும் மலை ஏற மாட்டான். இது பெரியவங்க மட்டும் பாக்கற சிரிப்புப் படம்பா. பட்டணத்துல பொம்பளைங்க முக்காடு போட்டுக்கினு வந்து பாக்கறாங்களாம். இங்க பாரு, வட்டத்துக்குள்ள எழுதிக்கிறான்."

"அது சக்கரம் இல்லியா?"

"இங்கிலீசு ஏ எழுத்துப்பா" என்றான் ஜோசப். வேறு பெட்டி போடலாமா என்று பச்சையப்பன் கேட்டான். போன வாரத்துப் பெட்டி காலையிலேயே ரயில் ஏறிவிட்டது. முதலாளியிடம் ஓடினான். ஆதிகேசவன் ஜி.என்.டி. ரோட்டைக் காட்டினார். ஆரணிப் பக்கமிருந்து வரிசையாக மாட்டுவண்டிகள் வந்துகொண்டிருந்தன. கோவிந்தா, கோவிந்தா என்று கோஷம் காற்றில் வந்தது. "இவ்ளோ ஜனம் இந்தக் கொட்டாயிக்கு எப்பப்பா வந்துது? வாய மூடிக்கினு டிக்கெட்டக் கிழி" என்றார்.

நாலாவது வண்டி மணியம்மாளுடையது. அவள், ரத்னா, பக்கத்து வீட்டுக் கங்கம்மாள், இன்னும் மூன்று பெண்கள். எல்லார் நெற்றியிலும் திருமண். மணியம்மாள் கையில் தட்டு, தட்டில் தேங்காயும் துளசியும் கற்பூரமும். சொல்லிவிடலாம், இப்போதே திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் பச்சையப்பன் வண்டிக்குப் பக்கத்தில் போனான்.

"மாப்ள, இந்தாங்க" என்று மணியம்மாள் ஒரு தூக்கை நீட்டினாள். "தளிகைப் புளியோதரை. கூவிக் கூவித் தொண்ட காஞ்சி போயிருக்கும். மொதல்ல சாப்டுங்க."

மாப்பிள்ளை என்று அவள் சொல்லிக் கேட்டது கல்யாணத்தன்றைக்குத்தான். அவளுக்குப் பின்னால் கனகாம்பரம் வைத்துக்கொண்டு ரத்னா நின்றாள். அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அத்தனை சந்தோஷம்.

"அத்தை, ஒரு சேதி..."

"இன்னா?"

"மணல்ல முள்ளு கிள்ளு இருக்கும். பாத்து உக்காருங்க."

நாலு தெருவுக்குக் கேட்கும் குரல் அன்றைக்கு இரண்டடி தூரம்கூடப் போகவில்லை.

படம் ஆரம்பித்தது. முதலில் கோபுரத்தைக் காட்டினார்கள். கொட்டகை முழுக்கக் கோவிந்தா போட்டது. திரைக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள், நாலைந்து தேங்காய் உடைந்தது. மணியம்மாள் தன் தேங்காயை மட்டும் கடைசித் தரிசனத்துக்கென்று மடியில் வைத்துக்கொண்டாள். பச்சையப்பன் பெண்கள் பக்கத்துக் கீற்றுச் சந்தில் நின்று, திரையைப் பார்க்காமல் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கற்பூரம் அணைவதற்குள் கதை அம்மணமாகிவிட்டது. புதுசாகக் கல்யாணமான ஜோடி, பெண்ணின் அம்மா, மாமனார், சித்தப்பா என்று எட்டுப் பேர் ஒரு ஓட்டைக் காரில் மலைக்குக் கிளம்புகிறார்கள். காரின் கதவு நிற்கவில்லை. சித்தப்பாவின் வேட்டியை உருவிக் கதவைக் கட்டுகிறார்கள். அவர் கோவணத்தோடு ஊர்வலம் போகிறார். ஆற்றங்கரையில் பெண்கள் குளிக்கும்போது குரங்கு வந்து ரவிக்கைகளை அள்ளிக்கொண்டு மரத்தில் ஏறிவிடுகிறது. ஏறின குரங்கு அவற்றை ஒன்றொன்றாகப் போட்டுப் பார்க்கிறது. பேச்சோ, வீட்டில் சொல்லக் கூடாத பேச்சு. ஆண்கள் பக்கம் சிரிப்பில் இடிந்து விழுந்தது. பெண்கள் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இரண்டு பேர் எழுந்தார்கள். கங்கம்மாள்தான் முதலில் முந்தானையை வாயில் வைத்து, அடக்க முடியாமல், கொக்கரித்துவிட்டாள். "எழுந்து எங்கடி போறீங்க, வண்டி கட்ட ஒரு நாழி ஆவும், உக்காருங்க" என்றாள். எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கும் அந்த வார்த்தைதான் வேண்டியிருந்தது.

மணியம்மாள் சிரிக்கவில்லை. மடியில் தேங்காயோடு கல்லாக உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவளுக்கு ஒரு குணம் உண்டு. எங்கேயாவது ஒரு வேலை தப்பாக நடந்தால் அவள் வாய் சும்மா இருக்காது. நாற்று நடுகிறவளாக இருந்தாலும் சரி, கிணறு வெட்டுகிறவனாக இருந்தாலும் சரி, சொல்லிக் கொடுத்தே தீருவாள். படத்தில் கார் வாய்க்காலில் இறங்கிவிட்டது. எட்டுப் பேரும் ஆளுக்கொரு பக்கம் தள்ளினார்கள். அவளால் பொறுக்க முடியவில்லை. "பின்னால போயி தள்ளுங்கடா, முன்னால இன்னா பண்றீங்க" என்றாள். பிறகு அவர்கள் வழி தப்பிப் போனபோது, "யாரனா ஒருத்தன் எறங்கிக் கேட்டா இன்னாவாம்" என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக அவளும் அந்த ஓட்டைக் காரில் ஏறிவிட்டாள்.

அடுத்து சத்திரம். ஒரே கூடம், எட்டுப் பாய். புது மாப்பிள்ளை பெண்டாட்டிக்குக் கண்ணைக் காட்டுகிறான். அவள் நகர்ந்து நகர்ந்து வருகிறாள். இரண்டு பாய்க்கும் நடுவில் அவள் அம்மா வந்து பொத்தென்று படுத்துக்கொள்கிறாள். அவன் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறான், கிழவியும் புரண்டு அந்தப் பக்கம் வருகிறாள். இருட்டில் பெண்டாட்டியின் கால் என்று நினைத்து மாமனாரின் காலைப் பிடித்துக் கொஞ்சி உதை வாங்குகிறான். மறுபடி வருகிறான். மறுபடி நடுவில் கிழவி. கொட்டகை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. மணியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடியே கெழவி, எழுந்து அப்பால போடி" என்று கத்தினாள். "கட்டிக் குடுத்தப்புறம் சின்னஞ்சிறுசுங்களுக்கு நடுவுல ஒனக்கு இன்னாடி வேல?"

அந்த நேரம் பார்த்து ரீல் தீர்ந்தது. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

கங்கம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "யார மணியம்மா சொல்ற?" என்று கேட்டாள். அவள் வம்புக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். ஆரணிப் பெண்கள் அத்தனை பேரும் திரும்பி முதலில் மணியம்மாளைப் பார்த்தார்கள், பிறகு ரத்னாவைப் பார்த்தார்கள். மண்சுவருக்கு அந்தப் பக்கம் முறுக்குக்காரன் மட்டும் கூவிக்கொண்டிருந்தான்.

விளக்கு அணைந்தது, அடுத்த ரீல் ஓடிற்று, அதற்கு அடுத்ததும் ஓடிற்று. படத்தில் கார் இன்னும் இரண்டு தடவை கவிழ்ந்தது. மணியம்மாள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ரத்னாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கீற்றுச் சந்திலிருந்து பார்த்த பச்சையப்பனுக்குத் தெரியவில்லை. எல்லாம் முடிந்தது, இனிமேல் இந்த ஜென்மத்தில் அவள் வரமாட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். படம் முடியும்வரை கிழவி நடுவிலிருந்து நகரவே இல்லை. குடும்பம் மலையடிவாரத்தைக்கூடப் பார்க்காமல் வீடு திரும்பிற்று.

கூட்டம் கலைந்தது. பச்சையப்பன் கழுவிய தூக்கோடு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். "அத்தை, எனக்குப் படிக்கத் தெரியாது. படத்தப் பாத்து சாமின்னு நெனச்சிட்டேன். சாயங்காலமே தெரிஞ்சி போச்சி. நீங்க மாப்ளன்னு கூப்ட்டீங்க, சொல்ல வாய் வரல" என்றான். மணியம்மாள் தூக்கை வாங்கி வண்டிக்குள் வைத்தாள். கங்கம்மாள் ஏறினாள், மற்ற மூன்று பேரும் ஏறினார்கள், மணியம்மாளும் ஏறி உட்கார்ந்தாள். ரத்னா தலையைக் குனிந்தபடி வந்து சக்கரத்தில் கால் வைத்தாள்.

"நீ எங்கடி ஏர்ற?"

"ஊட்டுக்குதாம்மா."

"வண்டியில எடமில்ல."

ரத்னா உள்ளே பார்த்தாள். அதே வண்டி. வந்த அதே ஆட்கள்.

"வரும்போது ஆறு பேரு வந்தீங்களேம்மா, தாராளமா கீதே" என்றான் வண்டியோட்டி.

"நீ மாட்டப் பாத்து ஓட்டு" என்றாள் மணியம்மாள். பிறகு மகளைப் பார்க்காமலே, "துணிமணிய நாளைக்குக் குடுத்தனுப்பறேன்" என்றாள். வண்டி நகர்ந்தது.

அதற்குப் பிறகு மணியம்மாள் நாலு வருஷம் இருந்தாள். ஆரணியில் தனியாகவேதான் இருந்தாள். மகள் வீட்டுக்கு வந்தால் விடிந்ததும் புறப்பட்டுவிடுவாள், எவ்வளவு சொன்னாலும் இன்னொரு நாள் தங்க மாட்டாள். மேட்டிலிருந்த கொட்டகையை ஒரு நாள் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பச்சையப்பன் ஆலைக்கு வந்தான். சாப்பாட்டு வேளையில் கூட்டாளிகள் அந்தப் படத்துக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். குரங்கையும் ரவிக்கையையும் நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பான். முடிக்கும்போது மட்டும் சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொல்லுவான்.

"அந்த வண்டில இன்னும் ரெண்டு பேரு கால நீட்டிக்கினு போலாம். அந்தம்மா எடமில்லன்னு சொல்லிட்டாங்கல்ல, அத மெய்யாக்கணும்னு ஆரணி வரைக்கும் மூலையில ஒடுங்கிக் குந்திக்கினே போச்சாம். கங்கம்மா சொன்னா. நகந்து உக்காரு மணியம்மான்னா, எங்க நகர்றது, எடம் எங்க கீதுன்னு கேட்டுச்சாம்."